சிறுபோரும் பெரும்போரும்: எச்.ஜி. வெல்ஸின் வாழ்வில் ஒரு விளையாட்டு

எச்.ஜி. வெல்ஸ் என்ற பெயரைக் கேட்டவுடன் காலத்தைக் கடக்கும் பொறியும், கண்ணுக்குப் புலப்படாத மனிதனும், செவ்வாய்க் கோளிலிருந்து வந்திறங்கிய மூன்றுகால் எந்திரங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1895 முதல் 1898 வரையிலான நான்காண்டுகளில் வெளிவந்த அந்நாவல்கள் அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தன. இக்கட்டுரை அவற்றைத் தொட்டும் தொடாமலும் கடந்து, 1913ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஒரு சிறு நூலை நடுவில் வைத்து அவர் வாழ்வைச் சொல்ல முயல்கிறது. 'லிட்டில் வார்ஸ்' என்பது அதன் பெயர். 'சிறுபோர்கள்' என்று தமிழில் வழங்கலாம். பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்திப் போர் விளையாடுவதற்கான விதிகளைக் கூறும் நூல் அது. சிற்றுருவங்களை வைத்து மேசைமேல் போர் ஆடும் பொழுதுபோக்கினர் இன்று பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் தம் ஆட்டத்தின் முன்னோடி நூல்களுள் ஒன்றாக இதனைப் போற்றுகின்றனர்.

கவிஞர்கள் கூடும் ஒரு வட்டத்தின் மலரில் இதற்கென்ன இடம் என்று கேட்கலாம். ஒன்று மற்றொன்றுக்காக நிற்பதுதான் அந்த விளையாட்டின் அடிப்படை. புத்தகம் மலையாகிறது, குச்சி மரமாகிறது, சுண்ணக்கோடு ஆறாகிறது. ஆகுபெயரையும் உருவகத்தையும் அன்றாடம் கையாளும் நமக்கு இது புதியதன்று. பதிலியாக நிறுத்தப்பட்ட பொருள் தான் சுட்டும் பொருளை எவ்வளவு காட்டுகிறது, எவ்வளவு மறைக்கிறது என்ற கேள்வியை வெல்ஸ் ஏட்டில் எழுதியதோடு நில்லாமல் வாழ்ந்தும் பார்த்தார். அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று.

அவர் 1866 செப்டம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தைச் சார்ந்த பிராம்லியில் பிறந்தார். தந்தை ஜோசப் வெல்ஸ் பீங்கான் கடை வைத்திருந்தார்; கடையில் வராத வருவாயைக் கிரிக்கெட் ஆடி ஈட்டினார். 1862இல் சசெக்ஸ் அணிக்கு எதிராக அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு பேரை ஆட்டமிழக்கச் செய்த பந்துவீச்சாளர் அவர். தாய் சாரா நீல் பிரபுக்கள் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர். வறுமையை அயலார் அறியாமல் மறைப்பதே அந்தக் குடும்பத்தின் முழுநேரத் தொழிலாக இருந்தது.

ஏறத்தாழ எட்டு வயதில், 1874இல், சிறுவனின் கால் எலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்த மகனுக்குத் தந்தை நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கால்முறிவுதான் தம்மை எழுத்தாளனாக்கியது என்று வெல்ஸ் பின்னாளில் கருதினார். எழுத்தாளரின் வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்ச்சியை விடாமல் குறிப்பிடுகின்றனர். ஆனால் அதே வாசிப்பிலிருந்து கிளைத்த வேறொன்றை அத்துணை அழுத்தமாகக் கூறுவதில்லை. ஒன்பது வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையே அச்சிறுவன் தெருவில் தனியே நடக்கும்போதெல்லாம் மனத்துக்குள் பெரும்படைகளை நடத்திக் கொண்டிருந்தான். ஊட்டம் குறைந்த உடலும் எளிய உடையுமாகச் சீட்டியடித்துச் செல்லும் பையனைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத தளபதிகள் குதிரைகளில் வந்தனர். பிராம்லியில் மார்ட்டின் குன்று என்றொரு மேடு உண்டு. அந்த மேட்டில் அவன் வென்ற போர்களை எந்த வரலாற்று நூலும் அறியாது. அறுபத்தெட்டாவது வயதில் எழுதிய தன்வரலாற்றில் வெல்ஸ் இதனை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அச்சிறுவனுக்கு வாய்த்த முதற்படை அதுதான். ஈயப்பொம்மை வாங்கக் காசில்லாத வீட்டில் காற்றே சிப்பாயாக நின்றது.

பிறகு வந்த ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். துணிக்கடையில் வேலை பழகுவதற்காக அவரை இருமுறை ஒப்படைத்தனர். சவுத்சீயில் கழிந்த ஈராண்டுகள் அவருக்குச் சிறைவாசமாகத் தோன்றின. ஒரு ஞாயிறன்று விடியற்காலையில் புறப்பட்டு, தாய் வேலை பார்த்த அப்பார்க் மாளிகைக்கு 17 மைல் நடந்தே சென்று, இனிக் கடைக்குத் திரும்பேன் என்று கூறிவிட்டார். 1884இல் உதவித்தொகை பெற்று இலண்டனில் அறிவியல் ஆசிரியர்க்கான கல்லூரியில் சேர்ந்தார். அங்கே முதலாண்டில் அவருக்கு உயிரியல் கற்பித்தவர் டார்வினின் கொள்கைக்குப் போராளியாக விளங்கிய தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. 1887இல் வேல்ஸ் நாட்டுப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தபோது கால்பந்தாட்டத்தில் பட்ட அடியால் சிறுநீரகம் பழுதுற்றது. நுரையீரலிலிருந்தும் குருதி கசிந்தது. போரைப் பற்றி இத்துணை எழுதிய ஒருவர் படைவீரராகும் உடல்தகுதியை இருபத்தொரு வயதிலேயே இழந்துவிட்டார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

புகழும் பொருளும் வந்தபின், உடல்நலங் கருதிக் கடற்கரையூராகிய சேண்ட்கேட்டில் அவர் ஒரு வீடு கட்டினார். வாய்சி என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வரைந்தளித்த அந்த இல்லத்துக்கு ஸ்பேட் ஹவுஸ் என்று பெயர். அவருடைய இரு மைந்தர்கள் 1901இலும் 1903இலும் பிறந்தனர். ஜார்ஜ் பிலிப், பிராங்க் என்பன அவர்தம் பெயர்கள். பிள்ளைகள் வளர வளர வீட்டின் தரை அவர்களுடையதாயிற்று. பலகைகள் தீவுகளாயின, தரை கடலாயிற்று. அந்த விளையாட்டுகளைத்தான் 1911இல் 'ஃப்ளோர் கேம்ஸ்' என்ற நூலில் அவர் விரித்துரைத்தார். அந்நூலில் ஒரு மனக்குறை தொனிக்கிறது. பொம்மைக் கடைக்குப் போனால் சிப்பாய்களே கிடைக்கின்றனர்; ஊர் என்றால் கடைக்காரரும் கைவினைஞரும் வழிப்போக்கரும் வேண்டாமா, அவர்களை ஏன் யாரும் செய்து விற்பதில்லை என்று கேட்கிறார். நகைச்சுவைக்காகக் கேட்கப்பட்டதுபோல் தோன்றும் இக்கேள்வியை நான் வேடிக்கையாகக் கொள்வதில்லை. குழந்தையின் கைக்கு எட்டும் மனித உருவம் துப்பாக்கி ஏந்தியதாகவே இருந்தால் அக்குழந்தை கட்டும் ஊர் எப்படிப்பட்டதாகும்?

சிப்பாய்கள் எளிதிற் கிடைத்ததற்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. அதுவரை ஜெர்மனியிலிருந்து வந்த ஈயப்பொம்மைகள் கட்டியாகவோ தட்டையாகவோ இருந்தன. வில்லியம் பிரிட்டன் என்பாரின் இலண்டன் தொழிற்கூடம் 1893இல் புதுமுறை ஒன்றைக் கையாண்டது. உருக்கிய ஈயக்கலவையை அச்சில் ஊற்றி, ஓரத்தில் படிந்தது இறுகியவுடன் நடுவிலுள்ளதைத் திரும்ப வெளியே கொட்டிவிடுவார்கள். வெளியே சீருடையும் மீசையும் துல்லியமாக அமைந்த, உள்ளே ஒன்றுமில்லாத சிப்பாய் கிடைப்பான். ஈயம் மிச்சம், எடை குறைவு, விலையும் மலிவு. 54 மில்லிமீட்டர் உயரங்கொண்ட இந்த உள்ளீடற்ற வீரர்கள் இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்களின் தரைகளை விரைவில் பிடித்துக்கொண்டனர். அவர்களோடு சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கியும் வந்தது. ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுள்ள மரத்துண்டை அது எய்யும். குறி தவறாதவர் கையில் ஒன்பது கஜத் தொலைவிலுள்ள பொம்மையையும் வீழ்த்தும்.

ஒருநாள் வெல்ஸின் விருந்தினராக நண்பர் ஒருவர் வந்திருந்தார். நூலில் அவர் ஜெ.கே.ஜெ. என்ற முதலெழுத்துகளால் சுட்டப்படுகிறார்; நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் என்பதை அறிய அதிகம் தேட வேண்டியதில்லை. உணவு முடிந்து காப்பி வருவதற்குள், பக்கத்து மேசையில் பிள்ளைகள் விட்டுச்சென்ற பீரங்கியை அவர் எடுத்துப் பார்த்தார். மரத்துண்டை இட்டார், குறிபார்த்தார், ஒரு சிப்பாயை வீழ்த்தினார். அவ்வளவுதான், அறிஞர் இருவரும் எதிரெதிரே அமர்ந்துவிட்டனர். வெறுமனே சுடுவது சலித்தபோது சிப்பாய்கள் மறைந்துகொள்ள ஒரு நாடு வேண்டுமென்று தோன்றியது. அலமாரியிலிருந்து கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளும் பிற நூல்களும் இறங்கி வந்து வீடுகளாகவும் மேடுகளாகவும் நின்றன. மனித அறிவனைத்தையும் தொகுத்துவைத்த நூல் ஒரு காலாட்படையின் மறைவிடமாயிற்று. வெல்ஸ் இதில் உள்ள முரணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆட்ட மும்முரத்தில் அது தோன்றாமற் போயிருக்கலாம்.

அந்த நேரத்தில் சில பெண்மணிகள் விருந்தினராக வர ஆட்டம் தடைப்பட்டது. தரையில் கிடந்தவற்றை அவர்கள் ஏளனமாகப் பார்த்ததாகவும், கற்பனைப் பொருள்களிடம் பெண்பாலார்க்குள்ள இயல்பான அலட்சியம் அதுவென்றும் வெல்ஸ் எழுதிவைத்தார். நூலின் நீண்ட தலைப்பிலும், ஆண்பிள்ளை விளையாட்டை விரும்பும் அறிவுமிக்க சிறுமியர்க்கும் உரியதென ஒரு சலுகை வழங்கியிருக்கிறார். இந்த இடத்தில் மட்டும் அவரோடு வழக்காட விரும்புகிறேன். 1826இல் ஹாவொர்த் என்னும் சிற்றூரில் பாதிரியார் ஒருவர் தம் மகனுக்குப் பன்னிரண்டு மரச்சிப்பாய்கள் வாங்கிவந்தார். அவன் தங்கையரும் தமக்கையுமாக மூவர் ஆளுக்கொன்றை எடுத்துப் பெயரிட்டனர். தமக்கை தன் சிப்பாயை வெலிங்டன் பிரபு என்றாள். அந்தச் சிப்பாய்களிலிருந்து நாடுகளும் அரசுகளும் செய்தித்தாள்களும் முளைத்தன. அச்சிறுமியர் வளர்ந்து சார்லட், எமிலி, ஆன் பிராண்டி எனப் பெயர் பெற்றனர். நம் மரபில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்தில், மணலால் சிறுவீடு கட்டி விளையாடும் பெண்கள் அதைச் சிதைக்க வேண்டா என்று ஆண்பிள்ளையைக் கெஞ்சுகின்றனர். கட்டுவது எவர் தொழில், காலால் எற்றுவது எவர் தொழில் என்பதைப் புலவர்கள் தெளிவாகவே வகுத்துவைத்தனர். சேண்ட்கேட்டுக்கு வந்த பெண்மணிகள் கற்பனையின்மையால் முகஞ்சுளித்தனரா, அல்லது நடுவயது ஆடவர் இருவர் தரையில் தவழ்வதைக் கண்டு சிரிப்பை அடக்கினரா என்பதை அவர்களுள் ஒருவரும் எழுதிவைக்காதது நம் இழப்பு.

தடையில்லாத இடந்தேடித் தந்தை பிள்ளைகளின் விளையாட்டறையையே கைப்பற்றிக்கொண்டார். பிள்ளைகள் எங்குச் சென்றனர் என்பது தமக்கு மறந்துவிட்டதாக எழுதுகிறார். அங்கே நாடு மேலும் செம்மையாக அமைந்தது. புத்தகங்களின் இடத்தில் மரக்கட்டைகளும் பலகைகளும் வந்தன. பலகையில் தமரூசியால் துளையிட்டுச் செடிக்கிளைகளை நட்டுக் காடாக்கினர். தரையில் சுண்ணக்கட்டியால் ஆறு வரைந்தனர். வீட்டுக்குள் சிப்பாயை நிறுத்தினால் அவன் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்ற வழக்கு எழுந்தது. ஆகவே வீடுகளின் உள்ளே கட்டைகளை அடைத்துத் திண்மையாக்கினர். குடியிருக்க இடமில்லாத வீடுகள் அவை.

தென்னாப்பிரிக்கப் போரிலிருந்து திரும்பிய படைத்தலைவர் ஒருவரின் அறிவுரையும் சேர, விதிகள் உருப்பெற்றன. காலாள் ஒருமுறைக்கு ஓரடி நகரலாம், குதிரைவீரன் ஈரடி நகரலாம். பீரங்கியருகே நான்கு வீரரேனும் இருந்தாலன்றி அது சுடாது, நகராது. நகர்ந்த பீரங்கி அம்முறை சுடலாகாது. சுட்டால் நான்கு குண்டுகள். ஒவ்வொரு முறைக்கும் கால எல்லை உண்டு. கடிகாரம் பார்க்க ஒருவர் நிற்பார். தொடக்கத்தில் நடுவே திரை தொங்கவிட்டு இருதரப்பினரும் படைநிறுத்திய பின்னரே அதை விலக்குவர். இரு படைகள் நெருங்கிக் கைகலந்தால் ஆளுக்கு ஆள் என்று இருபக்கமும் சமமாக வீழும். தனித்துச் சிக்கிய சிறுபடை சரணடைந்து கைதியாகும். தும்பையும் வாகையும் கற்றவர்களுக்கு இந்த ஒழுங்கு வியப்பளிக்காது. நிரை கவர்தலுக்கு ஒரு பூ, மீட்டலுக்கு ஒரு பூ, மதில் வளைத்தலுக்கு ஒரு பூ என்று குருதி சிந்தும் செயல்களுக்கெல்லாம் மலர்களைப் பதிலியாக நிறுத்திய இலக்கணம் நம்முடையது.

இன்றைய ஆட்டக்காரரிடையேயும் வழக்கமொன்று உண்டு. வேண்டிய உருவம் கையில் இல்லையெனில் வேறோர் உருவத்தையோ அட்டைத்துண்டையோ வைத்து, இது இன்ன படை என்று ஆட்டம் தொடங்குமுன்னரே எதிராளியிடம் சொல்லிவிட வேண்டும். அவர் இசைந்தால் அது செல்லும். நடுவில் சொன்னால் செல்லாது. உவமேயம் மறைந்து உவமானம் மட்டுமே நிற்கும் இடத்தில் கேட்போனுக்கும் சொல்வோனுக்கும் இருக்கவேண்டிய உடன்பாடும் இத்தகையதே. ஆயினும் அங்கே உடன்பட வேண்டியவர் இருவர் மட்டுமே என்பதை மறக்கலாகாது. பதிலியால் சுட்டப்படும் மூன்றாமவரை எவரும் கேட்பதில்லை.

நம் முன்னோர் நட்ட நடுகல்லும் பதிலிதான். ஆனால் அது ஒருவனுக்கு ஒரு கல். அவன் பெயரும் அவன் வீழ்ந்த காரணமும் அதில் பொறிக்கப்படும். கல்லைத் தேர்வதும் நீராட்டுவதும் நடுவதும் வாழ்த்துவதும் எனத் தொல்காப்பியர் அதற்குத் துறைகளே வகுத்தார். பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் 1812 முதல் 1824 வரை உருவாக்கிய படைப்பயிற்சி ஆட்டத்தில் நிலை வேறு. அங்கே நிறந்தீட்டிய சிறு கட்டையொன்று ஒரு படைப்பிரிவு முழுமைக்கும் நின்றது. கட்டையை நகர்த்தும் விரலுக்கு அதனடியில் எத்தனை பெயர்கள் இருந்தன என்பது தெரியாது. தெரிந்தால் நகர்த்த முடியாது.

வெல்ஸ் இதை அறிந்திருந்தார். அவர் நூலின் இறுதிப்பகுதி திடீரெனக் குரலை மாற்றிக்கொள்கிறது. விளையாட்டின் இன்பத்தை இவ்வளவு சொன்னவர், மெய்யான போரின் மடமையை அதன் அருகே நிறுத்துகிறார். போர்வெறி கொண்ட மன்னரையும் நாட்டுப்பற்றாளரையும் தக்கை விரிப்பிட்ட பெரிய மண்டபமொன்றில் அடைத்து, மரங்களும் வீடுகளும் எண்ணற்ற பொம்மைச் சிப்பாய்களும் கொடுத்து, அவர்கள் விருப்பம்போல் போரிட விடலாம் என்பது அவர் யோசனை. நாம் நம் வேலைகளைப் பார்க்கலாம். பெரும்போர் மிகுந்த செலவுடையது மட்டுமன்று, மனித மூளையின் அளவுக்குள் அடங்காததும் ஆகும். இச்சிறுபோரை மூன்றுநான்கு முறை ஆடியவர் எவரும் அதனை உணர்வார் என்கிறார். ஒரு விளையாட்டு நூலுக்குள் இப்படியொரு அமைதிப் பரப்புரையா என்று எள்ளிய திறனாய்வாளர் உண்டு. நூலின் மிக உண்மையான பக்கங்கள் அவைதாம் என்பது என் துணிபு.

எனினும் அதே நூலின் பின்னிணைப்பு வேறொரு கதை சொல்கிறது. பத்திரிகையில் இப்பகுதிகள் வெளியானபோதே படையதிகாரிகள் பலர் வெல்ஸுக்கு மடல் எழுதினர். அவர்களுள் கர்னல் மார்க் சைக்ஸுக்குத் தாம் சிறப்பாகக் கடன்பட்டிருப்பதாக அவர் நன்றி கூறுகிறார். இந்த ஆட்டத்தை விரித்துப் படைத்துறைப் பயிற்சிக்கு ஏற்றதாக்கும் வழிகளும் அங்கே பேசப்படுகின்றன. மூன்றாண்டுகள் கழித்து, 1916இல், அதே மார்க் சைக்ஸ் பிரெஞ்சுத் தூதர் பிக்கோவுடன் சேர்ந்து மேற்காசியாவின் வரைபடத்தில் கோடுகள் இழுத்தார். அது சுண்ணக்கட்டியால் இழுத்த கோடன்று. அந்நிலங்களில் வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகளும் அதன் விளைவைச் சுமந்தனர்.

1914 ஆகஸ்டு 4ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கியது. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் வெல்ஸ் அணுகுண்டால் அழியும் நகரங்களைப் பற்றி ஒரு நாவல் வெளியிட்டிருந்தார். 1903இலேயே இரும்புக் கவசமணிந்து ஊரும் போர்வண்டிகளைச் சிறுகதையில் கற்பனை செய்திருந்தார். போர் எப்படியிருக்கும் என்பதை அவரளவுக்கு முன்னுணர்ந்த எழுத்தாளர் இங்கிலாந்தில் இல்லை. அவரே போர் தொடங்கிய சில நாட்களில் அதனை வரவேற்று எழுதத் தொடங்கினார். இந்தப் போர் போர்களுக்கெல்லாம் முடிவுகட்டும் போர் என்ற கருத்து அவருடையது. அக்கட்டுரைகள் அதே தலைப்பில் அவ்வாண்டே நூலாயின. ஜெர்மானியப் படைவெறியை ஒழித்துவிட்டால் உலகம் ஆயுதங்களைக் களைந்துவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார். செப்டம்பர் 2ஆம் நாள் இலண்டனில் வெலிங்டன் ஹவுஸ் என்னும் கட்டடத்தில் அரசின் மறைமுகப் பரப்புரைக்கென எழுத்தாளர் கூட்டமொன்று கூட்டப்பட்டது. கூட்டியவர் சார்லஸ் மாஸ்டர்மன். ஹார்டி, கால்ஸ்வொர்தி, கானன் டாயில், செஸ்டர்டன், பென்னட் ஆகியோரோடு வெல்ஸும் அம்மேசையைச் சுற்றி அமர்ந்தார்.

பதின்மூன்று மாதங்களுக்கு முன் தக்கை விரிப்பில் மன்னர்களை அடைத்துவைக்கச் சொன்னவர் எங்குப் போனார்? எதிரிகள் இதனை இரட்டை வேடம் என்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் அக்கட்டுரைகளில் நாடுகளைப் பற்றி எழுதும்போது ஜெர்மனி இப்படி நகரும், ரஷ்யா இப்படித் தடுக்கும் என்றே எழுதுகிறார். ஒரு நாடு ஓர் உருவமாக, ஒரு கைக்கு அடங்கும் பொருளாக ஆகிவிடுகிறது. நூலின் இறுதிப்பகுதியில் தாமே எச்சரித்த ஆகுபெயரில் அவரே விழுந்தார். விளையாட்டில் பொம்மை படைக்காக நின்றது. எழுத்தில் நாட்டின் பெயர் பொம்மைக்காக நிற்கத் தொடங்கியது. பேனா பிடித்தோர் எவர்க்கும் நேரக்கூடிய விபத்து இது. அவர் வாசகர்களோ இலட்சக்கணக்கானோர்.

1916இல் அவர் இத்தாலிய, பிரெஞ்சுப் போர்முனைகளை நேரிற் பார்த்தார். அதே ஆண்டு 'மிஸ்டர் பிரிட்லிங் சீஸ் இட் துரூ' என்ற நாவல் வெளிவந்தது. எசெக்ஸ் நாட்டுப்புறத்தில் வாழும் ஓர் எழுத்தாளர், போரை நம்பியவர், தம் மூத்த மகன் ஹ்யூவைக் களத்தில் இழக்கிறார். அவர் வீட்டில் முன்பு ஆசிரியராக இருந்த ஹைன்ரிக் என்னும் ஜெர்மானிய இளைஞனும் மறுபக்கத்தில் போரிட்டு மாண்டுபோகிறான். அந்த இளைஞனின் பெற்றோருக்கு மடல் எழுத முயன்று, எழுதிக் கிழித்து, மீண்டும் எழுதியபடி இரவெல்லாம் விழித்திருக்கிறார் பிரிட்லிங். வெல்ஸும் எசெக்ஸில்தான் வாழ்ந்தார். அவர் பிள்ளைகளுக்கும் ஜெர்மானிய ஆசிரியர் ஒருவர் இருந்ததுண்டு. ஆனால் அப்பிள்ளைகள் போர் தொடங்கியபோது பதின்மூன்றும் பத்தும் நிரம்பிய சிறுவர்கள். தமக்கு நேராத இழப்பை ஹ்யூ என்னும் கற்பனை மைந்தனை நிறுத்தி அவர் அனுபவித்துப் பார்த்தார். அவர் எழுதியவற்றுள் பதிலி முழுமனிதனாக உயிர்த்த இடம் இதுவே என்பேன். அந்நூல் அட்லாண்டிக்கின் இருகரைகளிலும் பெருவாரியாக விற்றது. இழந்தவர்கள் தம் இழப்புக்குரிய சொற்களை அதில் கண்டனர்.

1918இல் எதிரிநாடுகளுக்கான பரப்புரை அலுவலகத்தில் சில மாதம் பணியாற்றி, மனம் ஒவ்வாமல் விலகினார். நாடுகளின் கழகத்துக்காகப் பாடுபட்டு, அது உருவானபோது அதன் வலுவின்மை கண்டு வெறுத்தார். தேசங்களைத் தனித்தனிக் காய்களாகப் பார்க்கும் பழக்கம் பள்ளிப்பாடங்களில் தொடங்குகிறது என்று கருதி, மனிதகுலம் முழுவதற்கும் ஒரே வரலாறாக 'அவுட்லைன் ஆஃப் ஹிஸ்டரி' என்னும் பெருநூலை 1919, 1920 ஆண்டுகளில் எழுதி வெளியிட்டார். சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு உலக வரலாற்றை மடல்களாக எழுதிய நேருவுக்கும் அந்நூல் துணையாயிற்று.

தன்வரலாறு 1934இல் வந்தது. மார்ட்டின் குன்றின் படைகளைப் பற்றி அவர் எழுதியது அதில்தான். ஜெர்மனியில் இட்லர் ஆட்சியைப் பிடித்து ஓராண்டு கடந்திருந்தது. தம் பதின்மூன்று வயதுப் பகற்கனவு உருவெடுத்து வந்ததே இட்லர் என்று அவர் அங்கே கூறுகிறார். இனப்பெருமை பற்றிய அதே பிதற்றல்கள் அவ்வயதில் தமக்கும் இருந்தன என்கிறார். பிறகு சேண்ட்கேட்டு விளையாட்டுக்கு வருகிறார். 1914 வரை தாம் ஆடிய ஈயப்போர் அந்தச் சிறுவயதுக் கனவின் எச்சமே என்றும், பொறுப்பான பதவிகளில் அமர்ந்த சர்ச்சில், ஏமரி, டிரெவெலியன், மாஸ்டர்மன் ஆகியோரின் கற்பனையும் இதே சட்டத்தின்மேல் கட்டப்பட்டது என்றும், அது நீங்காமையால் அவர்தம் அரசியல் பார்வை சிறுபிள்ளைத்தனமாகவே நின்றுவிட்டது என்றும் எழுதுகிறார். தாம் அந்நிலையைக் கடந்து வளர்ந்தது 1916க்கும் 1920க்கும் இடைப்பட்ட காலத்தில் என்று நினைக்க விரும்புவதாகவும் சொல்கிறார். ஆண்டுக்கணக்கைக் கவனிக்க வேண்டும். அப்போது அவருக்கு ஐம்பது வயது நிரம்பிக்கொண்டிருந்தது. புகழின் உச்சியிலிருந்த ஒருவர் தாம் ஐம்பது வயது வரை சிறுவனாக இருந்ததாக அச்சில் ஒப்புக்கொள்வது இலக்கிய உலகில் அடிக்கடி நிகழ்வதன்று. 1914இல் அவர் எழுதியவற்றை வைத்து அவரைக் கண்டிப்போர் இந்தப் பக்கங்களையும் படித்திருக்கலாம்.

1936இல் அவர் திரைக்கதை எழுதிய 'திங்ஸ் டு கம்' என்னும் படத்தில் கிறித்துமசு நாளன்று குழந்தைகள் போர்ப்பொம்மைகளோடு விளையாடுகின்றனர். அன்றே நகரின்மேல் குண்டுகள் விழுகின்றன. நான்காண்டுகளில் இலண்டன் மெய்யாகவே எரிந்தது. எழுபத்துநான்கு வயதினரான வெல்ஸ் ரீஜன்ட் பூங்காவருகே ஹானோவர் டெரஸில் இருந்த தம் வீட்டை விட்டு அகல மறுத்தார். அந்த ஆண்டு மனித உரிமைகள் குறித்து அவர் வெளியிட்ட சிறு நூல் பிற்காலப் பிரகடனங்களுக்கு ஒரு தூண்டுதலாயிற்று. 1914இல் அவர் நாவலில் தோன்றிய அணுகுண்டைப் பற்றி 1932இல் லியோ சிலார்டு என்னும் இயற்பியலறிஞர் படித்தார். மறுவருடம் அணுக்கருத் தொடர்வினை பற்றிய எண்ணம் அவருக்கு உதித்தது. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் இரோஷிமாவின் மீது அக்குண்டு வீசப்பட்டபோது நோயுற்றிருந்த வெல்ஸ் அச்செய்தியை அறியும்வரை வாழ்ந்திருந்தார். கடைசி நூலில் மனித இனத்தின் எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையான சொல் ஒன்றும் அவரிடமிருந்து வரவில்லை.

1946 ஆகஸ்டு 13ஆம் நாள் அவர் காலமானார். மூத்த மகன் ஜார்ஜ் பிலிப் அப்போது விலங்கியலறிஞராகியிருந்தார். உயிரியலைப் பொதுமக்களுக்கு விளக்கும் பெருநூலொன்றைத் தந்தையோடும் ஜூலியன் ஹக்ஸ்லியோடும் சேர்ந்து எழுதியவர் அவர். இளையவர் பிராங்க் திரைத்துறைக்குச் சென்றார். விளையாட்டறையிலிருந்து வெளியேற்றப்பட்ட அப்பிள்ளைகள் இருவருமே தந்தைக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தனர். வெல்ஸுக்குக் கல்லறை இல்லை. உடல் எரியூட்டப்பட்டு, சாம்பல் இங்கிலாந்தின் தென்கரைக் கடலில் தூவப்பட்டது.